உளுந்தூர்பேட்டையில் ஒரு காமிராப் பள்ளிக்கூடம்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் சாலை வழியாகப் போகிறவர்களில் உளுந்தூர்பேட்டையைக் கடக்காதவர் அரிது. நின்று பார்த்தவரோ அதனினும் அரிது. சேலத்துச் சாலை இங்கே பிரிகிறது என்பதற்கு மேல் இவ்வூரைப் பற்றிப் பெரும்பாலோர் அறிந்துகொள்ள முற்படுவதில்லை.

ஆயினும், புதிதாக டிஜிட்டல் காமிரா வாங்கிப் பிரயாணப் படம் பிடிக்கக் கற்க விரும்புவோருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது கடினம் என்பது என் அபிப்பிராயம். தாஜ்மஹாலை யார் படம் பிடித்தாலும் அது அழகாகத்தான் இருக்கும். அந்தப் பெருமை கட்டியவர்களைச் சேர்ந்தது. பெயர் பெறாத ஊரிலோ, கண்ணைத் திறந்து பார்க்கிறவனுக்குத்தான் படம் கிடைக்கும்.

பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். முன்னோர்க்கு அது தானாகவே வாய்த்தது. லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை ராஜதானியின் அரசாங்கப் படப்பிடிப்பாளராக 1857, 1858-ஆம் ஆண்டுகளில் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மதுரை, தஞ்சை, திருச்சி என்று சுற்றினார். மெழுகு பூசிய காகிதமே அவருடைய பிலிம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுக்களை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஒவ்வொரு படத்துக்கும் அவர் பட்ட சிரமத்தை நினைத்தால், எடுக்குமுன் எத்தனை முறை யோசித்திருப்பார் என்பது விளங்கும்.

1975-இல் கோடாக் கம்பெனியின் ஸ்டீவன் சாஸன் பிலிம் இல்லாத காமிரா ஒன்றை அமைத்தார். ஒரு படத்தைக் காஸெட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடி பிடித்தது. இன்றைய காமிராவோ ஒரு விநாடிக்குள் பல படங்களைப் பதிந்துவிடுகிறது. செலவும் இல்லை, சிரமமும் இல்லை. ஆகவே பொறுமையை நாமேதான் கொண்டுவர வேண்டும். முதல் ஒரு மாதம், எங்கு சென்றாலும் பத்துப் படங்களுக்கு மேல் எடுப்பதில்லை என்று விரதம் பூணுங்கள், பலன் தெரியும்.

முதற்பாடம் வெளிச்சம். அதற்கு அருகிலுள்ள திருநாவலூருக்குப் போகலாம். சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த ஸ்தலம். சோழ இளவரசன் இராசாதித்தன் திருப்பணி செய்த கோயில். கிழக்குப் பார்த்த கோபுரத்தைக் காலையிலும், மேற்குப் பார்த்ததை மாலையிலும் எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் சிற்பங்களின் கண்களில் கறுப்பு நிழல் விழுந்துவிடும். சாய்ந்த வெயிலிலோ உளி பட்ட இடமெல்லாம் எடுப்பாகத் தெரியும். காமிராவுக்குள் வெளிச்சம் புகுவது, குழாயில் குடம் நிரப்புவதைப் போன்றது. குழாயைத் திறக்கும் அளவு அபர்ச்சர். திறந்து வைக்கும் நேரம் ஷட்டர். இருண்ட மண்டபத்தில் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். கை நடுங்கினால் படம் கலங்கும். அனுமதி கேட்டுக்கொண்டு, தூணில் சாய்ந்து, மூச்சை அடக்கி எடுங்கள்.

இரண்டாவது பாடம் உண்மை. ஊரை அடுத்த உளுந்தாண்டார்கோவிலில் ஒரு கதை சொல்வார்கள். மிளகு மூட்டை கொண்டுவந்த வணிகன் ஒருவன் அதை உளுந்து என்று பொய் சொன்னானாம். பிரித்துப் பார்த்தால் உண்மையாகவே உளுந்தாகியிருந்ததாம்! இன்று கம்ப்யூட்டரில் அந்தத் திருவிளையாடலை யார் வேண்டுமானாலும் செய்யலாம். வறண்ட ஏரியில் நீரும், வெறும் வானில் மேகமும் சேர்ப்பது நிமிஷ வேலை. மங்கலைத் திருத்துவது சரி. இல்லாததைச் சேர்ப்பது மிளகை உளுந்தாக்குவதுதான். பிரயாணப் படம் ஒரு சாக்ஷியம் அல்லவா?

மேற்கே கள்ளக்குறிச்சி தாண்டிக் கல்வராயன் மலைக்கு ஏறினால் வேறொரு பாடம். மூடுபனியைக் கண்டதும் காமிரா ஏமாந்து, வெண்மையைச் சாம்பலாக்கிவிடும். அப்போது வெளிச்சத்தின் அளவை ஒரு படி கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

மலையிடமும் கோபுரத்திடமும் நாம் சம்மதம் கேட்பதில்லை. மனிதர் விஷயம் அப்படியல்ல. இதைக் கற்பிக்கும் இடம் உளுந்தூர்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த கூவாகம். ஆண்டுதோறும் சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழாவுக்குத் திருநங்கையர் பெருந்திரளாக வந்து, அரவானை வரித்துத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் களப்பலிக்குப் பின் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்து அழுகிறார்கள். அந்த அழுகையைச் சுற்றிக் காமிராக்கள் மொய்க்கின்றன.

1975-இல் 23 விநாடி பிடித்த காரியம் இன்று விபரீதமாக எளிதாகிவிட்டது. இங்கே எடுத்த முகம் அடுத்த நிமிஷமே உலகமெங்கும் போய்விடுகிறது. வீட்டாருக்கும் வேலை கொடுத்தவருக்கும் தெரியாமல் வந்த ஒருவர், ஊர் திரும்புமுன்னே அங்கே தம் படம் போய்ச் சேர்ந்திருந்தால் என்ன ஆவார்? திருநங்கையர் நலனுக்கென்று தமிழ்நாட்டில் 2008-இல் வாரியம் அமைந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. சட்டம் கொடுத்த மதிப்பைக் காமிரா பறிக்கலாகாது.

ஆகவே, "எடுக்கலாமா, அம்மா?" என்று முதலில் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் காமிராவைத் தாழ்த்திவிடுங்கள். சம்மதித்தால், எடுத்த படத்தைத் திரையில் அவருக்கே முதலில் காட்டுங்கள். டிரைப்புக்குக் கிட்டாத இந்த வசதி நமக்கு இருக்கிறது. அவருக்குப் பிடிக்காவிட்டால் அவர் எதிரிலேயே அழித்துவிடலாம். பிடித்தால் ஒரு பிரதி அனுப்பலாம். வாங்கிய அனுமதியோடு எடுத்த ஒரு முகம், திருடி எடுத்த நூறு முகங்களைவிட நன்றாக இருக்கும். அதில் எடுக்கப்பட்டவர் நம்மை நம்பிப் பார்க்கிறார்.