புதுமுகமும் தேர்தல் களமும்

தேர்தலில் நிற்கத் துணியும் புதுமுகத்திற்குப் பணக்கவலை முதலில் வந்து சேரும். நம் நாட்டில் நாடாளுமன்றத் தொகுதிக்கு வைப்புத்தொகை 10,000 வெள்ளி. செல்லத்தக்க வாக்குகளில் எட்டில் ஒரு பங்கேனும் பெறாதவர் அதனை இழப்பார். இதனினும் கடினம் ஆள்பலம். வாக்களிப்பு மையங்களிலும் எண்ணுமிடங்களிலும் கண்காணிக்க முகவர் வேண்டும். அவர்களை ஓரிரு வாரத்தில் தனியொருவர் திரட்டுதல் எளிதோ? கட்சியே திரட்டித் தரும்.

2008 மார்ச் 8-ஆம் நாள் பொதுத்தேர்தலில் கிள்ளானில் ஜனநாயக செயல் கட்சியின் சார்பில் நின்ற சார்ல்ஸ் சந்தியாகோ அத்தகைய புதுமுகமே. பொருளியலாளர், தண்ணீர் வழங்கலைத் தனியார்மயமாக்குவதை எதிர்த்து இயங்கியவர். வென்றார். அவருடைய உழைப்பை மறுப்பதற்கில்லை. ஆயினும், 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர் வீதிகளில் நிகழ்ந்த ஹிண்ட்ராஃப் பேரணி தமிழர் உள்ளத்தில் எழுப்பிய கொந்தளிப்பு அவ்வாண்டில் எதிர்க்கட்சிப் பக்கமே பாய்ந்தது. கட்சிச் சின்னமின்றிச் சுயேச்சையாய் நின்றிருப்பின் அவ்வெள்ளம் அவரைத் தாங்கியிருக்குமா என்பது ஐயமே.

2013, 2018 தேர்தல்களிலும் கிள்ளான் மக்கள் அவரையே தேர்ந்தனர். 2022-இல் கட்சி அவருக்கு இடமளிக்கவில்லை. அவ்விடத்தில் நின்று வென்ற வீ. கணபதிராவ் நாடாளுமன்றத்திற்குப் புதியவர்; கட்சிக்கோ, 2013 முதல் சட்டமன்ற உறுப்பினராய் நன்கறிந்தவர்.