அலரிச்செடியில் தொங்கிய கின்னரம்



நம் வாலிபர் கூடுகை மாமல்லபுரம் கடற்கரையில் நடந்தபோது, "இந்தக் கடலை வரையுங்கள்" என்றேன். பலரும் கடற்கரைக் கோயிலையும் மீன்பிடிப் படகுகளையும் வரைந்தார்கள். ஒரு தங்கை மட்டும் இருண்ட கடலில் ஒரு படகையும், மடியில் இடியப்ப உரலோடு அதில் அமர்ந்திருக்கும் மூதாட்டியையும் வரைந்திருந்தாள். "எங்க பாட்டி, ஐயா. மன்னார்ல இருந்து வரும்போது அதை மட்டும்தான் எடுத்துட்டு வந்தாங்களாம்" என்றாள்.

அவள் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவள். 1983 முதல் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் நம் மாநில முகாம்களில் வாழ்கிறார்கள். 2021இல் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. பெயர் மாறிற்று, ஆயினும் இந்த மண்ணிலேயே பிறந்த பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை.

செங்கல்பட்டு திரும்பியபின் ஓவியங்களைச் சபை மண்டபத்தில் காட்சிக்கு வைத்தோம். அவளுடைய படத்தை நான் வைக்கவில்லை. அரசியல் பேச்சு எழும் என அஞ்சினேன். "சரிங்க ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிரவு அவள் அதை இன்ஸ்டாகிராமில் பதிவிட்டாள். வெவ்வேறு முகாம்களின் பிள்ளைகள், தங்கள் வீட்டார் எடுத்துவந்தவற்றை அதன் கீழே எழுதினார்கள்: பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் புடவை, ஒரு பிடி முற்றத்து மண். வாசித்து முடித்தபோது என் நெஞ்சு கனத்தது. 'குரலற்றோரின் குரலாய் இருப்போம்' என எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! அவர்களுக்குக் குரல் இருந்தது. அதற்கு இடம் மறுத்தவன் நான்.

ஆஸ்திரேலியாவின் பிலோவீலா என்ற சிற்றூரை நினைத்துக்கொண்டேன். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில், அங்கே வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்றை அதிகாரிகள் பிடித்துச் சென்றார்கள். அயலார் சும்மாயிருக்கவில்லை, சமூக ஊடகங்களிலும் தெருவிலும் அவர்களுக்காக இயக்கம் நடத்தினார்கள். 2021இல், நோயுற்ற தங்கையை மருத்துவமனையில் அக்காள் முத்தமிடும் புகைப்படம் அந்நாடெங்கும் பரவி மனங்களை உலுக்கியது. ஆட்சி மாறியபின், 2022 ஜூனில் அக்குடும்பம் தன் ஊருக்குத் திரும்பியது.

சங்கீதம் 137ஐத் திறந்து பாருங்கள். பாபிலோனின் நதிக்கரையில் சிறைப்பட்ட மக்கள், இனிப் பாட இயலாதென்று கின்னரங்களை அலரிச்செடிகளில் தொங்கவிடுகிறார்கள். ஆனால் அந்த இயலாமையே ஒரு பாட்டாயிற்று! நாடிழந்தோரின் கலை அது; தேவன் அதைத் தம் வேதத்திலேயே வைத்துக் காத்தார். அதன் கடைசி வசனங்களின் கடுங்கோபத்தைக்கூட அவர் நீக்கவில்லை. நானோ ஒரு பாட்டியின் மடியிலிருந்த உரலுக்கு அஞ்சினேன்.

கடந்த ஞாயிறு ஆராதனைக்குப்பின் அந்தத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். படத்தைத் தரச் சம்மதித்தாள். "அடியில ஒரு வரி எழுதலாமா ஐயா? 'பிறந்த ஊர்: தமிழ்நாடு. குடியுரிமை: இல்லை'ன்னு?" என்று கேட்டாள். ஒரு கணம் தயங்கினேன். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினேன்.

வரும் ஞாயிறு அப்படம் மண்டப வாசலில் இருக்கும். அதன்முன் சற்று நின்று, கீழே உள்ள வரியையும் வாசியுங்கள். அவளிடம் பேசுங்கள், பேசுவதைவிட அதிகமாகக் கேளுங்கள்.

எகிப்துக்கு ஓடிய குழந்தையாய் அந்நிய மண்ணை அறிந்த ஆண்டவரே, எங்கள் செவிகளைத் திறந்தருளும். ஆமென்.