டீச்சருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை



முத்தாலம்மன் திருவிழாவுக்கு அகரம் வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்டது, "டீச்சர், உடம்புக்கு என்ன? சுகர் கூடிருச்சா?" சொந்தத்தில் ஒருத்தி, "ஏன் மதினி இப்படி வத்திப் போயிட்டீங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டாள். ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கோயம்புத்தூரில் எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டேன். பதினான்கு மாதம் ஆகிறது. 104 கிலோ இருந்தவள் இப்போது 66.

எனக்குச் செய்தது 'ஸ்லீவ்' முறை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மீதியைக் குழாய் போல ஆக்கிவிடுவார்கள். "இதெல்லாம் பெரிய இடத்து வைத்தியம்" என்று சிலர் சொன்னார்கள். நிதின் கட்கரி 2011-லும் அருண் ஜெட்லி 2014-லும் எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டது உண்மைதான். ஆனால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை உண்டு.

எடை குறையும் என்று எல்லோரும் சொன்னார்கள். தோலைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. மேல் கையில் சதை பை போலத் தொங்குகிறது. அடிவயிறு மடிந்து கிடக்கிறது. தொடை உரசுகிறது. நான் கையை ஆட்டிப் பேசினால் என் பேத்தி, "அப்பத்தா, உன் கை தனியா ஆடுது" என்று சிரிக்கிறாள். அவளோடு நானும் சிரித்துவிடுவேன். ஆனால் ராத்திரி கண்ணாடி முன்னால் நிற்கும்போது சிரிப்பு வராது. இத்தனை பாடுபட்டது இதற்குத்தானா என்று தோன்றிய நாட்கள் உண்டு.

என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். பல நாள் ஊதி வைத்த பலூனில் காற்றை இறக்கினால் அது பழையபடி சுருங்குமா? தோலுக்கு உறுதி தருவது கொலாஜன், சுருங்கி விரியும் தன்மை தருவது எலாஸ்டின். பல வருடம் இழுபட்ட தோலில் இந்த இழைகள் சேதமாகியிருக்கும். வயது கூடக் கூட அவை இன்னும் தளரும். எனக்கு வயது 61. அதனால் எந்த உடற்பயிற்சியும் இந்தத் தோலை இழுத்துக் கட்டாது. எண்ணெயும் கட்டாது, கிரீமும் கட்டாது.

பிறகு ஏன் தினமும் தாடிக்கொம்பு சாலையில் நடக்கிறீர்கள் என்று கேட்பீர்கள். எடை வேகமாகக் குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். அந்தத் தசையைக் காப்பாற்றத்தான் பயிற்சி. முதல் மாதம் நடை மட்டும், கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். டாக்டர் சரி என்ற பிறகு வீட்டிலேயே ஆரம்பித்தேன். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது பத்து முறை. சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. கைக்கு ஒன்றாகத் தூக்கி இறக்குவேன். தோல் அப்படியேதான் இருக்கிறது, உள்ளே கை கெட்டியாகியிருக்கிறது. முன்பு தரையில் உட்கார்ந்தால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். இப்போது நானே எழுந்துவிடுகிறேன்.

தசைக்குப் புரதம் வேண்டும். ஒரு நாளைக்கு 60 கிராமாவது சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். வயிறும் சின்னது. அதனால் முதலில் முட்டை, சுண்டல், மீன், சோறு கடைசியில்தான். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதில்லை. வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு.

தோல் மடிப்பில் வேர்வை தங்கினால் புண்ணும் படையும் வரும். நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். நடந்து வந்ததும் குளித்து, பருத்தித் துணியால் மடிப்புகளை ஒற்றி ஈரம் போகத் துடைக்கிறேன். நடக்கும்போது சுடிதாருக்குள் முழங்கால் வரை இறுக்கமான கால்சட்டை போட்டால் தொடை உரசாது. அரிப்பு வந்தால் மெடிக்கலில் கேட்டு களிம்பு வாங்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். படை அடங்குவது போல அடங்கிப் பரவும். தோல் டாக்டரிடமே போங்கள்.

தொங்கும் தோலை வெட்டி எடுக்கவும் ஆபரேஷன் உண்டு. எடை குறைந்து, பல மாதம் ஒரே அளவில் நின்ற பிறகுதான் செய்வார்கள். நீளமான தழும்பு இருக்கும். அழகுக்காகச் செய்வது என்று இன்சூரன்ஸில் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். மடிப்பில் தீராத புண் வந்தால் யோசிப்பேன். இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கிறேன்.

உங்களில் யாராவது இந்த ஆபரேஷனைப் பற்றி யோசித்தால், தோலைப் பற்றியும் டாக்டரிடம் முதலிலேயே கேளுங்கள். செய்துகொண்டவர்கள், தோல் தொங்குகிறதே என்று நடையை நிறுத்தாதீர்கள். இளைத்துப்போன ஒருவரை விசேஷ வீட்டில் பார்த்தால் "என்ன வியாதி?" என்று கேட்காமல், "நல்லா இருக்கீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். சொல்ல வேண்டியதை அவர்களே சொல்வார்கள்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், அகரம்