96 மணி நேரமும் 7 வருஷமும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

2023 ஜூன் மாதம் டைட்டன் என்ற சிறிய நீர்மூழ்கி காணாமல் போனது நினைவிருக்கும். அட்லாண்டிக் கடலடியில் கிடக்கும் டைட்டானிக் கப்பலைப் பார்க்க 18ஆம் தேதி ஐந்து பேர் அதில் இறங்கினார்கள். இரண்டு மணி நேரம் ஆவதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. உள்ளே 96 மணி நேரத்துக்குத்தான் ஆக்சிஜன் என்றார்கள். டிவியில் மணிக்கணக்கு ஓடியது. நானும் சமையலைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் இரவு என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பாம்பன் பக்கம் நாட்டுப்படகு வைத்திருக்கிறான். பெயர் வேண்டாம். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

"டீச்சர், டிவி பாக்குறீங்களா? அஞ்சு பேருக்கு எத்தனை கப்பல், எத்தனை பிளேன்! 96 மணி நேரம்னு எண்ணுறாங்க. எங்களுக்கு 7 வருஷம் டீச்சர்."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அவன் எட்டாம் வகுப்பு படித்தபோது, ஒரு வாடைக் காலத்தில், அவன் அப்பா போன வல்லம் திரும்பவில்லை. ஊர்ப் படகுகள் சொந்தச் செலவில் டீசல் ஊற்றி மூன்று நாள் தேடின. ஒரு தண்ணீர்க் கேன் மட்டும் கிடைத்தது. நான்காம் நாள் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "படிச்சவங்க நீங்க சொல்லுங்க டீச்சர். பொட்ட அழிக்கவா, வைக்கவா?" என்று கேட்டார்.

"இலங்கைப் பக்கம் கரை ஒதுங்கியிருப்பார், வந்துருவார்மா" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னதுதான். பையன் அதை அப்படியே நம்பிவிட்டான். விடியற்காலையில் கரையில் நின்றுவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். எட்டு முடித்தான். ஒன்பதாவதுக்குப் போகவில்லை.

உடல் கிடைக்காவிட்டால், ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாத பிறகுதான் ஒருவர் இறந்ததாகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டம். அதுவரை அவர்களுக்குச் சான்றிதழும் கிடைக்கவில்லை, உதவித்தொகையும் கிடைக்கவில்லை. அந்த அம்மா ஏழு வருஷமும் பொட்டு வைத்துக்கொண்டே கருவாடு விற்றார்.

டைட்டனின் சிதறல்கள் ஜூன் 22 அன்று கிடைத்தன. உங்களுக்கு நான் நடத்திய பாடம்தான்: பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். நம் வடகடல் பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவு. டைட்டானிக் கிடப்பது சுமார் 3,800 மீட்டரில். அங்கே அழுத்தம் 380 மடங்கு. அந்த ஆழத்துக்கு இறங்கும் வழியிலேயே அந்தக் கூடு நொடிப்பொழுதில் நொறுங்கிவிட்டது. நாம் மணி எண்ணிக்கொண்டிருந்தபோது அவர்கள் உயிரோடு இல்லை.

அன்று நானே அவனுக்குப் போன் செய்தேன். செத்தவர்களில் ஒரு அப்பாவும் 19 வயது மகனும் இருந்ததையும், அந்தப் பிள்ளையின் அம்மா மேலே துணைக் கப்பலில் காத்திருந்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "பாவம். ஆனா அந்தம்மாவுக்கு நாலு நாள்ல சொல்லிட்டாங்க டீச்சர். அது பெரிய விஷயம்" என்றான்.

நம் பக்கமும் ஒரு பெரிய தேடல் நடந்தது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் தேடியும் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில்தான் செய்தி வந்தது. சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்களைப் படம் எடுத்திருந்தது. ஏழரை ஆண்டுகள்!

செய்தியை அவனுக்கு அனுப்பினேன். "இனிமே அந்த வீடுகள்ல ராத்திரி கதவு தட்டுனா யாரும் எந்திரிச்சு ஓடி வர மாட்டாங்க டீச்சர்" என்று பதில் வந்தது.

அதே கழகம் இப்போது மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக மத்ஸ்யா 6000 வாகனத்தை உருவாக்குகிறது. அதிலும் அவசரத்துக்கு 96 மணி நேரம்தான் உயிர்க்காற்று. நம் கடற்கரைப் பிள்ளைகள் அந்த வேலைக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை.

கடலுக்குப் போகும் பிள்ளைகளே, உயிர்காப்புச் சட்டை இல்லாமல் இறங்காதீர்கள். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை வீட்டிலும் எழுதி வையுங்கள். அலுவலகங்களில் இருக்கும் பிள்ளைகளே, காணாமல் போனவருக்காக மனு கொண்டு வருபவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள்.

"எனக்கும் தெரியலம்மா, பையனை மட்டும் பள்ளிக்கூடம் அனுப்புங்க" என்றுதான் அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். இதை அவனிடமே சொல்லிவிட்டேன்.

"விடுங்க டீச்சர். அன்னைக்குப் பள்ளிக்கூடத்துலேருந்து எங்க வீட்டுக்கு வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்