வெளிச்சம் பட்டால் விழிக்கும் மருந்து

மருந்துக்கு வழி தெரியாது. நாளத்தில் ஏற்றியதும் இரத்தத்தோடு கலந்து உடம்பு முழுவதும் சுற்றும். நோயுள்ள இடம், நோயில்லாத இடம் என்ற வேறுபாடு அதற்கில்லை.

என் சாச்சிக்கு மார்பில் புற்றுநோய் வந்தபோது இதைக் கண்ணால் கண்டேன். மருந்து ஏற்றத் தொடங்கியதும் முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணானது. முடியை வளர்க்கும் கலங்களும் வாயின் உட்புறக் கலங்களும் புற்றுக்கலங்களைப் போலவே வேகமாகப் பிரிபவை. மருந்து அவற்றையும் தாக்கிவிடுகிறது. “இந்த மருந்து கட்டிக்கு மட்டும் போனாக் காணாதா மகள்?” என்று சாச்சி கேட்டார். அதற்கு விடை தேடியபோதுதான் ஒளியால் இயங்கும் மருந்துகளைப் பற்றி வாசித்தேன்.

1900 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் மியூனிக் நகரில் ஒஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பரமேசியங்களை ஆராய்ந்தார். வெளிச்சம் பட்டபோது அவை விரைவில் இறந்தன. இருளில் நீண்ட நேரம் பிழைத்திருந்தன. சாயமும் ஒளியும் சேர்ந்தே கொல்கின்றன என்று தெரியவந்தது.

இன்று வேர்ட்டிபோர்பின் என்ற மருந்து இதே முறையில் இயங்குகிறது. அதைக் கை நாளத்தில் ஏற்றிய பின், கண்ணின் பின்புறத்தில் கேடாக வளர்ந்த இரத்தக் குழாய்கள் மீது 689 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரைப் பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட இடத்தில் மட்டும் மருந்து விழித்து, ஒட்சிசனைத் தாக்கும் வடிவுக்கு மாற்றி, அக்குழாய்களை அடைக்கிறது. மருந்து தோலிலும் தங்கியிருப்பதால் நோயாளி 5 நாட்களுக்கு வெயிலில் போகக்கூடாது.

நாம் இரசாயனவியலில் வரையும் சிஸ், டிரான்ஸ் சமபகுதியங்களும் இங்கே உதவுகின்றன. டிரான்ஸ் அசோபென்சீன் புறவூதா ஒளி பட்டால் வளைந்த சிஸ் வடிவாகும். மருந்தை அடைத்த நுண்துளைகளுக்கு அதைக் கதவாக வைத்து, ஒளியால் திறக்க ஆய்வுகூடங்களில் முயல்கிறார்கள்.

ஆனால் டோர்ச் வெளிச்சத்தை விரல்களால் மூடிப் பாருங்கள். சிவப்பு மட்டுமே வெளியே தெரியும். புறவூதா ஒளி தோலைத் தாண்டி ஆழம் போகாது. சிவப்பு ஒளியும் சில மில்லிமீற்றர் ஆழத்துக்கே போதுமான அளவில் செல்லும். உணவுக்குழாய் போன்ற இடங்களுக்கு ஒளியிழையை உள்ளே செலுத்துகிறார்கள். எங்கெல்லாமோ பரவிய புற்றுக்கலங்களுக்கு யார் வெளிச்சம் பிடிப்பது? அவற்றைத் தேடிப்போக, உடம்பு முழுவதும் சுற்றும் மருந்தும் தேவைதான். சாச்சியிடம் இதைச் சொன்னேன். அதன் பிறகு அந்த மருந்தை அவர் ஏசவில்லை.

தோழியரே, புள்ளிகளுக்காக நாம் பாடமாக்கும் இந்த மூலக்கூறு வடிவங்களில் ஒரு நோயாளியின் முடியும் பசியும் அடங்கியிருக்கின்றன. ஆழத்தில் உள்ள நோய்க்கு ஒளியைக் கொண்டுசேர்க்கும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. அது நம் தலைமுறைக்கு உரிய வேலை.