பவளத்துக்கு ஏற்ற விளக்கு

செம்பூரில் எங்கள் இல்லத்துக்கு வரும் அன்பர்கள் கூடத்திலுள்ள கடல்நீர்த் தொட்டியைக் கண்டதும் முதலில் வினவுவது மீனைப் பற்றியன்று; "இந்த விளக்குக்கு என்ன விலை கொடுத்தீர்கள்?" என்பதே. வினா நியாயமானதுதான். பவளம் வளர்க்கத் தொடங்குவோர் தொட்டிக்குச் செலவிடுவதைக் காட்டிலும் விளக்குக்கு மிகுதியாகச் செலவிட நேர்வதுண்டு. சங்க அன்பர் சிலர் தம் இல்லத்திலும் இத்தகைய தொட்டியை அமைக்க விரும்புவதால், நாங்கள் விளக்கைத் தேர்ந்த முறையையும் பொருத்திய முறையையும் இங்கே எழுதுகிறோம்.

மீன்தொட்டிக்கு விளக்கு நம் கண்ணின் பொருட்டு. பவளத்துக்கோ அதுவே உணவு. பவளம் செடியன்று, உயிரினம். ஆயினும் அதன் தசையினுள் கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு ஆக்கும் உணவில் பெரும்பகுதி பவளத்துக்கே போகிறது. குடியிருப்பவர் வீட்டுக்காரருக்குச் சோறு போடும் குடித்தனம் இது; மும்பையில் வாடகை கொடுத்து வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நீர் சூடேறினாலும் ஒளி அளவு கடந்தாலும் பாசிகள் வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வழக்கத்தினும் சூடேறியபோது பவளப் பார்கள் இவ்வாறே வெளுத்தன.

எங்கள் குடும்பம் இராமநாதபுரக் கடற்கரையைச் சேர்ந்தது. பவளக்கல்லை வெட்டி வந்து சுவர் எழுப்பியதையும், காளவாயிலிட்டுச் சுண்ணாம்பு ஆக்கியதையும் கண்ட தலைமுறை எங்கள் தாத்தாவினுடையது. இன்று அது குற்றம். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் கல்பவளங்கள் யாவும் இடம்பெற்றுள்ளன. ஆதலின் கடையில் எவரேனும் கல்பவளத்தை மறைவாக எடுத்துக் காட்டினால், பேசாமல் திரும்பிவிடுவதே தகும். அவ்வகையைச் சேராத காளான் பவளத்தையே, தம் தொட்டியில் பெருக்கி வைத்திருந்த ஒருவரிடமிருந்து நான்கு துண்டுகளாகப் பெற்றோம். எந்தப் பவளம் என்று முடிவு செய்யாமல் எந்த விளக்கு என்று கேட்பது நோயாளியைக் காணாமல் மருந்து கேட்பதாகும். காளான் பவளத்துக்கு மிதமான ஒளியே போதும்.

எங்கள் தொட்டி 2 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உடையது. ஏறத்தாழ 125 லிட்டர் கொள்ளும். அதற்குக் கடைக்காரர் ஒருவர் முதலில் காட்டியது 150 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு. அதன் ஒளி மணலில் அலையாடும் அழகே தனி என்பதை ஒப்புகிறோம். ஆனால் அதன் வெப்பம் நீரில் இறங்கும். மே மாதத்தில் நீரைக் குளிர்விக்க வேறோர் இயந்திரமும் வாங்க நேரும். டி-5 எனப்படும் மெல்லிய குழல்விளக்குகள் ஒளியைச் சீராகப் பரப்புவன. எனினும் குழல்களை அவ்வப்போது மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். எனவே எல்.இ.டி. விளக்கைத் தேர்ந்தோம். நீலத்தையும் வெண்மையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கத்தக்கதாக அஃது இருக்கவேண்டும் என்பதில் உறுதியாயிருந்தோம். கடல்நீர் சிவப்பொளியை மேல்மட்டத்திலேயே விழுங்கிவிடும்; ஆழத்துக்குச் செல்வது நீலமே. நுண்பாசி அந்நீலத்துக்குப் பழகியது. வெண்மை பெரும்பாலும் நம் கண்ணுக்காக. 90 வாட் விளக்கு நாளொன்றுக்கு 9 மணி நேரம் முழு அளவில் எரிந்தாலும் மாதத்துக்கு 24 யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும். நாங்கள் பாதியளவுக்குக்கூட ஏற்றுவதில்லை.

தேர்வைக் காட்டிலும் பொருத்துவதே பெரும் பணியாயிற்று. "உப்புத் தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்திலா?" என்று அம்மா கேட்டது வீண் அச்சமன்று. உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவது. தெறிக்கும் துளிகள் உலர்ந்து, விளக்கின்மேலும் மின்வடத்தின்மேலும் வெள்ளையாகப் படிகின்றன.

கூரையிலிருந்து தொங்கவிட்டால் பார்வைக்கு நன்று. தொட்டியினுள் கைவிட்டுப் பணி செய்யவும் எளிது. ஆனால் கூரையில் துளையிட வீட்டுக்காரர் இசையவில்லை. கண்ணாடி விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் தாங்கி ஒன்று கடையில் இருந்தது. விளக்கின் முழுப் பாரத்தையும் கண்ணாடி விளிம்பின் ஒரே புள்ளியில் ஏற்ற எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே தொட்டி நிற்கும் மரமேடையின் பின்புறத்தில் இரண்டு அலுமினியக் குழாய்களை நிறுத்தி, அவற்றிலிருந்து தொட்டியின் நடுவரை நீளும் சட்டமொன்றில் விளக்கைத் தொங்கவிட்டோம். பாரம் மேடைக்குப் போகிறது. திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகு. இரும்பின் துரு தொட்டியில் விழலாகாது. தொங்கு கம்பிகளைத் தவிரக் காவலாக இன்னொரு கம்பியும் தளர்வாகக் கட்டியுள்ளோம். ஒன்று அறுந்தாலும் விளக்கு நீரில் விழாது.

நீர்மட்டத்திலிருந்து விளக்கின் உயரம் ஒரு சாண், அதாவது 9 அங்குலம். மேலும் தாழ்த்தினால் ஒளி நடுவில் குவிந்து ஓரங்கள் மங்கும், துளியும் தெறிக்கும். உயர்த்தினால் ஒளி வெளியே சிந்தி, கூடத்தில் படிக்கும் பிள்ளைகளின் கண்ணைக் கூசச் செய்யும். அந்த இடைவெளியில் ஒரு சிறு விசிறி நீர்ப்பரப்பின்மீது வீசுவதால் நீரின் வெப்பமும் தணிகிறது. ஆவியான அளவுக்கு நன்னீரே ஊற்றவேண்டும், உப்பு ஆவியாவதில்லை.

மின்வடத்தை நேரே செருகுமிடத்துக்குக் கொண்டுசெல்லாமல், கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலே ஏற்றினோம். வடத்தில் வழியும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், செருகியை எட்டாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் காப்புச் சாதனத்தையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு அமைத்தோம். ஆயிரக்கணக்கில் விளக்குக்குச் செலவிட்டு இச்சாதனத்தில் மிச்சம் பிடிப்பவரைக் கண்டால் எங்களுக்குச் சினமே வருகிறது.

ஒளியைக் கூட்டுவதில் அவசரம் ஆகாது. நண்பர் ஒருவர் புது விளக்கை முதல் நாளே முழு அளவில் எரித்தார். பத்து நாளில் அவருடைய பவளங்கள் வெளுத்துவிட்டன. நாங்கள் முதல் வாரம் 20 விழுக்காட்டில் 6 மணி நேரமே எரித்தோம். வாரந்தோறும் 5 விழுக்காடு ஏற்றி, ஆறாம் வாரத்தில் 45 விழுக்காடு, 9 மணி நேரம் என்று நிறுத்திக்கொண்டோம். ஒளியை அளக்கும் கருவி விலை மிகுந்தது. பவளமே அளவு சொல்லும். ஒளி போதாவிடில் காளான் பவளம் மேல்நோக்கி நீளும். மிகுந்தால் சுருங்கி விளிம்பை மடிக்கும். எங்கள் நான்கில் மேற்பாறையிலிருந்த ஒன்று நான்காம் வாரம் சுருங்கிற்று. விளக்கைத் தொடாமல் அதை மட்டும் பாறை நிழலுக்கு இறக்கினோம். ஐந்தாம் நாள் விரிந்தது.

மின்சாரம் நின்றுவிட்டால் என்செய்வது என்று கேட்போர் உளர். ஓரிரு நாள் இருளைப் பவளம் பொறுக்கும். கடலிலும் மழைமூட்டம் உண்டல்லவா? நீரோட்டம் நின்றால்தான் உயிர்வளி குறைந்து சில மணி நேரத்திலேயே கேடு வரும். ஆதலின் மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை விளக்குக்கு முன்னரே வாங்கி வைப்பது நலம். எங்களிடம் உள்ளது கைக்கடக்கமானது. சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு முழுவதும் ஓடிற்று.