சுருங்கி வரும் தமிழ்

'தமிழ்' என்னும் சொல் கண்ணுக்கு மூன்றெழுத்து. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் அது 15 பைட்டுகள். ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்கிவிட, தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் தேவைப்படுகின்றன. அவற்றுள் முதலாவது எப்போதும் ஒன்றே. இரண்டாவது இரண்டு வகைதான். திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதே ஜீசிப்பின் பணி என்பதால், தமிழ்ப் பக்கங்களுக்கு அதனால் விளையும் பயன் பெரிது.

1986இல் தொடங்கிய எர்நெட் வலைப்பின்னலின் முதல் எட்டு நிறுவனங்களுள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஒன்று. இன்று அதே நகரில் மொழித்தரவு திரட்டும் ஆய்வு மாணவர் பலரும் நாடும் கருவி, சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் உருவாக்கிய கர்லும் அதன் நிரலகமான லிப்கர்லும். கர்ல் தானாகச் சுருக்கத்தைக் கேட்பதில்லை. 'கம்ப்ரெஸ்டு' என்னும் தெரிவைக் கொடுத்தால், தன்னால் விரிக்கக்கூடிய முறைகளை வழங்கிக்கு அறிவிக்கும். வந்த விடையை விரித்தும் தரும். 'அக்செப்ட்-என்கோடிங்' தலைப்பை மட்டும் கையால் எழுதி அனுப்பும் மாணவருக்கு இரண்டாவது உதவி கிடைப்பதில்லை. விடைக்குறி 200, கோப்பும் வெறுமையாக இல்லை, உள்ளே இருப்பதோ சுருங்கிய பைட்டுகள். பிழைகளைப் புறக்கணித்துப் படிக்கும் நிரல் அக்குப்பையையும் தமிழெனச் சேர்த்துக்கொள்ளும். மூலப்பக்கம் பின்னர் மறைந்துவிட்டால், குலைந்துபோன அந்தப் பகுதியை மீட்க வழியில்லை.

நெறிமுறையிலும் சிக்கல் உண்டு. 'டிஃப்ளேட்' என்றால் சீலிப் உறையிட்ட தரவு என்கிறது எச்டிடிபி தரநிலை. உறையின்றி அனுப்பிய வழங்கிகளும் இருந்தன. லிப்கர்ல் இரண்டையும் முயன்று பார்க்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் ஏற்கும் பெருந்தன்மை ஆபத்தாகவும் முடியும். டிஃப்ளேட்டால் சுருக்கியது ஏறத்தாழ ஆயிரம் மடங்குவரை விரியலாம். சுருக்கத்தின்மேல் சுருக்கம் அடுக்கினால் நினைவகமே நிரம்பிவிடும். 2022 ஜூனில் வெளியான 7.84.0 பதிப்பு, அடுக்குகளுக்கு ஐந்து என வரம்பிட்டது. ஆயினும் அந்த எண்ணிக்கை ஒவ்வொரு தலைப்புவரிக்கும் தனித்தனியாக நடந்தது. அடுக்குகளைப் பல வரிகளில் பிரித்து அனுப்பினால் வரம்பைத் தாண்டலாம். 2023 பிப்ரவரியில் வந்த 7.88.0 பதிப்பே அவ்வோட்டையை அடைத்தது.

இதில் தரவு திரட்டுவோர்க்கு மூன்று பாடங்கள் உள. விடையின் நீளம் என வழங்கி சொல்வது சுருங்கிய நீளமே. ஆகவே வரம்பை விரிந்த அளவுக்கே வைக்க வேண்டும். யுடிஎஃப்-8 பிழை எழும்போது விழுங்காமல் நிறுத்திப் பார்க்க வேண்டும். வந்த பைட்டுகளை வந்தபடியே, தலைப்புவரிகளோடு சேமிக்க வேண்டும்; விரிப்பதில் தவறு நேர்ந்தாலும் மூலம் கையில் இருக்கும். பெருமொழிகளில் சில ஆயிரம் பக்கங்கள் பாழானால் எவர்க்கும் தெரியாது. தமிழில் அது ஒரு வட்டார இதழின் முழுத் தொகுப்பாகவே இருக்கக்கூடும்.